கையகப்படுத்தப்பட்டது, வாழ்த்துகள்!

"இந்த ஆட்டத்துல எடுத்த நெலத்தத் திருப்பிக் குடுக்குற பட்டன் எது?"

குடவாசல் பக்கத்தில் ஓர் ஊரின் சமுதாயக் கூடத்தில், நம் கம்பெனி வீடியோ கேமின் கண்ட்ரோலரைக் கையில் பிடித்தபடி மலர்க்கொடி அக்கா என்னிடம் கேட்ட கேள்வி இது. அப்போது எனக்கு ஏழாவது மாதம். வயிற்றில் இருந்தவளுக்கு இப்போது நான்கு வயது நடக்கிறது. அந்தப் பட்டனை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன்.

புதிதாக வேலைக்குச் சேர்ந்திருக்கும் உங்களுக்காக அனுபவங்களை எழுதித் தரச் சொன்னார்கள். இந்த மாதிரி கட்டுரைகளை ஓய்வு பெற்றவர்கள்தான் எழுதுவார்கள். நான் ஓய்வு பெறவில்லை, பிள்ளை பெற்றேன். கம்பெனிக்கு இரண்டும் ஒன்றுதான். அதே சால்வை, அதே குரூப் போட்டோ. குழந்தை தூங்குகிறாள், அவள் எழுந்திருப்பதற்குள் எழுதி முடிக்க வேண்டும். நடுநடுவே எழுந்து போய் மூச்சு வருகிறதா என்று பார்த்துவிட்டு வருவேன். எங்காவது தொடர்ச்சி அறுந்தால் அதுதான் காரணம்.

நான் எம்.ஏ. தமிழ். தஞ்சாவூர் தொழிற்பேட்டையில் ஒரு வீடியோ கேம் கம்பெனிக்கு எம்.ஏ. தமிழ் எதற்கு என்று என் வீட்டிலேயே கேட்டார்கள். நானும்தான் கேட்டுக்கொண்டேன். வெளிநாட்டிலிருந்து கப்பலில் ஆட்டங்கள் பதிந்த சர்க்யூட் போர்டு வரும். நாம் அதைப் பெட்டியில் போட்டு, மேலே ஒரு ஜெட் விமானப் படத்தை ஒட்டுவோம். உள்ளே எந்த ஆட்டத்திலும் விமானம் கிடையாது. பெட்டியின் பெயர் வீரன்-2. வீரன்-1 என்று ஒன்று இருந்ததே இல்லை. "ரெண்டுன்னு போட்டாதான் ஒண்ணு நல்லா ஓடியிருக்குன்னு நம்புவாங்க" என்பது எம்.டி.யின் வியாபாரத் தத்துவம். ஆட்டத்துக்குள் வரும் இங்கிலீஷ் வார்த்தைகளைத் தமிழாக்குவது என் வேலை. பெட்டி வாங்கியவர்களின் வசவுகளைக் கேட்டுக்கொள்வதும் என் வேலைதான்.

விளையாடுகிறவர்களை ஜெயிப்பது எப்படி என்று எம்.டி. தன் அறையில் வெள்ளைப் பலகையில் எழுதி வைத்திருந்தார். நிறைய ஆட்டம், நிறைய கலர், பெரிய பெட்டி. அந்தப் பலகை இன்னும் அங்கே இருந்தால் தயவுசெய்து நம்பாதீர்கள். அது எழுதப்பட்டது ஏசி அறையில். நம் பெட்டி போய்ச் சேர்ந்ததோ அரசாங்கம் இலவசமாகக் கொடுத்த கலர் டிவிக்கு. அந்த டிவி இருந்த வீடுகளில் பெரும்பாலும் ஒரே ஒரு பிளக் பாயிண்ட். அதில் மிக்சி, செல்போன் சார்ஜர், அம்மாவின் சீரியல் எல்லாம் வரிசையில் நின்றன. நம் வீரன் அந்த வரிசையில் கடைசி ஆள். போதாததற்கு அது கரண்ட் கட் காலம். ரெண்டு மணி நேரம் இருக்கும், ரெண்டு மணி நேரம் இருக்காது. எந்த ஊரில் எப்போது போகும், எப்போது வரும் என்பதை நான் பஞ்சாங்கம் மாதிரி மனப்பாடமாக வைத்திருந்தேன்.

சீர்காழியில் ஒரு கடைக்கு, பெட்டியைத் திருப்பிக் கொடுக்க ஒரு பள்ளிக்கூடத்துப் பெண் வந்திருந்தாள். ஏன் பிடிக்கவில்லை என்று கேட்டேன்.

"கரண்டு போனா நான் செத்துடுறேங்க."

"அப்புறம் திரும்ப ஆரம்பிக்கலாமே?"

"ஏன் மொதல்லேர்ந்து ஆரம்பிக்கணும்? நானா செத்தேன்? கரண்டுதானே செத்துச்சு?"

இதைவிட நியாயமான வாதத்தை நான் எந்தப் பட்டிமன்றத்திலும் கேட்டதில்லை. ஆபீசுக்கு வந்து இதைச் சொன்னேன். எம்.டி. இன்னும் நூறு ஆட்டம் சேர்க்கலாம் என்றார். நூறு ஆட்டத்திலும் அந்தப் பெண் சாவாள் என்றேன். எங்கள் டெக்னீஷியன் குணா மட்டும், ஒரு சின்ன பேட்டரி வைத்தால் ஆட்டம் நின்ற இடத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளும் என்றான். வைத்தான். கரண்ட் வந்ததும் திரையில் தோன்ற வேண்டிய வார்த்தையை நான் எழுதினேன்: 'விட்ட இடத்திலிருந்து'. என் வாழ்க்கையில் நான் எழுதிய நல்ல வரி அதுதான். அதோடு நிறுத்தியிருக்கலாம்.

பெட்டியில் முக்கியமான ஆட்டம், குதிரைக்காரன் ஒருவன் பச்சைக் கட்டங்களைச் சுற்றி வளைப்பது. முழுதாகச் சுற்றி முடித்தால் அந்தக் கட்டம் அவனுடையது. இங்கிலீஷில் நிலம் பிடிபட்டது என்று வரும். 'கைப்பற்றப்பட்டது' என்றுதான் முதலில் எழுதினேன். "கஞ்சா புடிச்ச மாதிரி இருக்கும்மா, கௌரவமா ஒண்ணு சொல்லு" என்றார் எம்.டி. மூன்று நாள் யோசித்தேன். பேப்பரில் நல்ல தமிழாக ஒரு சொல் அடிக்கடி கண்ணில் பட்டது. திரையின் இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை கம்பீரமாக நீண்டது. ஓர் எழுத்துக்கூட வெளியே போகவில்லை. இப்படி முடித்தேன்:

நிலம்
கையகப்படுத்தப்பட்டது.
வாழ்த்துகள்!
அடுத்த நிலத்துக்குச் செல்லவும்.

கூடவே ஒரு நாதஸ்வரம் மாதிரி சத்தம். அது குணாவின் கைங்கரியம்.

தீபாவளிக்குப் பேட்டரி வைத்த புதுப் பெட்டி இறங்குவதற்கு முன் ஊர் ஊராக ஆடிக் காட்டுவது வழக்கம். அப்படித்தான் அந்த ஊருக்குப் போனோம், நானும் குணாவும். சமுதாயக் கூடத்தில் அரசாங்க டிவி ஒன்று இருந்தது. காலையில் பிள்ளைகள் அலைமோதினார்கள். நன்றாக ஆடியவள் ரம்யா, எட்டாவது படிக்கிறாள். அவள் இரண்டாவது நிலத்தைச் சுற்றி முடித்து, என் வார்த்தை திரையில் வந்த அதே நொடியில் கரண்ட் போயிற்று. பன்னிரண்டு மணி. பிள்ளைகள் சாப்பிடப் போனார்கள். நாங்களும் போனோம். டிவியை அணைக்கவில்லை.

திரும்பி வந்தால் கூடம் நிறையக் கூட்டம். விளையாட வந்தவர்கள் இல்லை. அந்த ஊர் வயல்களுக்கு அடியில் குழாய் பதிக்கப் போவதாகச் சிலருக்கு நோட்டீஸ் வந்திருந்தது. அதைப் பற்றிப் பேச வி.ஏ.ஓ. வந்திருந்தார். வெளியே வெயில் தாங்காமல் உள்ளே வந்துவிட்டார்கள். நாங்கள் வாசலில் நின்றோம். வி.ஏ.ஓ. பாவம், நல்ல மனிதர். துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே சொன்னார்:

"நல்லா கேட்டுக்குங்க. இது வெறும் சர்வே. அளக்கத்தான் வர்றாங்க. உங்க நெலத்த யாரும் எடுக்கல. எடுக்கவும் முடியாது. நான் சொல்றேன்ல?"

மணி சரியாக இரண்டு. பஞ்சாங்கப்படி கரண்ட் வந்தது.

அவர் தலைக்குப் பின்னால் நாதஸ்வரம் ஒலித்தது. எல்லோரும் நிமிர்ந்தார்கள். அரசாங்க டிவியில், முதலில் 'விட்ட இடத்திலிருந்து' என்று வந்தது. பிறகு பச்சை வயல் வந்தது. பிறகு 'நிலம் கையகப்படுத்தப்பட்டது. வாழ்த்துகள்!' என்று வந்தது.

முன்வரிசையில் இருந்தவர்கள் எழுத்துக் கூட்டிப் படித்தார்கள்.

"என்னா சார் இது?" என்று ஒரு குரல்.

வி.ஏ.ஓ. திரும்பிப் பார்த்தார். படித்தார். இன்னொரு முறை படித்தார். "எனக்கே தகவல் வரலியே" என்றார்.

அந்த நேரத்தில் அவர் சொல்லியிருக்கக் கூடாத ஒரே வாக்கியம் அது. கூட்டம் எழுந்துவிட்டது. "அளக்க வந்தியா, வாழ்த்துச் சொல்ல வந்தியா?" "நோட்டீசு கையில, ரிசல்ட்டு டிவியிலயா?" "அடுத்த நிலத்துக்குச் செல்லவும்னா அது யாருதுய்யா, என்னுதா?" வி.ஏ.ஓ. நாற்காலிக்குப் பின்னால் போய்விட்டார்.

குணா என் காதில், "மேடம், இப்படியே பின்னால நழுவிடலாம். நம்மள யாரும் பாக்கல" என்றான். யோசித்தேன். மறைக்கவில்லை, யோசித்தேன். வயிற்றில் பிள்ளை, வாசலில் வண்டி. ஆனால் வி.ஏ.ஓ.வைப் பிடித்து யாராவது தள்ளிவிட்டால்? அவருக்கும் வீட்டில் யாராவது காத்திருப்பார்களே என்று தோன்றியது. அது தைரியமில்லை. எனக்கு எதற்கெடுத்தாலும் முதலில் மோசமானதுதான் தோன்றும். அதற்குள் என் வாய் முந்திக்கொண்டது.

"அவரை விட்டுடுங்க. அந்த வார்த்தைய எழுதினது நான்தான்."

கூட்டம் என் பக்கம் திரும்பியது. முதலில் என் வயிற்றைப் பார்த்தது. உடனே ஒருவர் நாற்காலி போட்டார். ஒருவர் ஃபேனைத் திருப்பினார். மோர் வந்தது. நான் குடித்து முடிக்கும் வரை பொறுமையாக நின்றார்கள். டம்ளரை வாங்கி வைத்துவிட்டுப் பிறகு திட்டினார்கள். நம் பக்கத்து மரியாதைக்கு நிகர் கிடையாது.

அது விளையாட்டு, அதில் வரும் வயல் யாருடைய வயலும் இல்லை, உள்ளே பேட்டரி இருப்பதால்தான் கரண்ட் வந்ததும் விட்ட இடத்திலிருந்து ஓடியது என்றெல்லாம் விளக்கினேன். எம்.ஏ. தமிழுக்கே உரிய நீளத்தில் விளக்கினேன். முன்வரிசையில் ஒரு பெண் எழுந்தார். ரம்யாவின் அம்மா, மலர்க்கொடி அக்கா.

"மேடம் எந்த ஊரு?"

"திருவிடைமருதூர் பக்கம்."

"நெலம் இருக்கா?"

"இருக்குங்க. அப்பா பேர்ல."

"நோட்டீசு வந்துச்சா?"

"இல்லைங்க."

"அதான் வார்த்த இவ்ளோ அழகா வந்திருக்கு."

சிரிப்பு எழுந்தது. வி.ஏ.ஓ.வும் சிரித்தார். அவருக்கு உயிர் வந்துவிட்டது. நான் மட்டும் சிரிக்கவில்லை. அக்கா தன் நோட்டீசைப் பிரித்து என் கையில் கொடுத்தார். மேலே அதே வார்த்தை. என் வார்த்தை என்று நான் பீற்றிக்கொண்டது அவர்கள் வீட்டு அலமாரியில் ஏற்கெனவே இருந்திருக்கிறது.

"எங்க மாமனாரு இன்னொருத்தர் நெலத்துல நட்டாரு, அறுத்தாரு. இது எங்க பேருக்கு வந்த மொத நெலம். பட்டாவுல எம் பேரு இருக்கு. சரி, காட்டுங்க உங்க ஆட்டத்த. எப்படித்தான் ஆடுறது?"

ரம்யா அம்மாவுக்குக் கற்றுக்கொடுத்தாள். அக்கா வேண்டுமென்றே குதிரைக்காரனைச் சுவரில் மோதவிட்டுத் தோற்றார். 'நீங்கள் நிலத்தை இழந்துவிட்டீர்கள்' என்று வந்தது. அதுவும் நான் எழுதியதுதான்.

"ஜெயிச்சாலும் புடுங்குறீங்க, தோத்தாலும் புடுங்குறீங்க. அப்போ எடுத்த நெலத்தத் திருப்பிக் குடுக்குற பட்டன் எது?"

"அப்படி ஒண்ணு இல்லக்கா."

"பழைய பெட்டியில இருந்துச்சும்மா" என்றாள் ரம்யா. "ஸ்கூல் பக்கத்துக் கடையில ஒண்ணு இருந்துச்சு. கரண்டு போனா நெலமெல்லாம் பழையபடி ஆயிடும். இதுலதான் ஆகல."

அக்கா என்னைப் பார்த்தார். "முன்னாடி கரண்டு போனாலாவது நெலம் திரும்பி வந்துச்சு. பேட்டரி போட்டு அதையும் அடச்சிட்டீங்க."

நான் பெருமைப்பட்டுக்கொண்ட இரண்டு விஷயங்களும் ஒரே மத்தியானத்தில் போயின. "அடுத்த பெட்டியில அந்தப் பட்டன் வரும்க்கா. நான் பொறுப்பு" என்றேன். 'நான் பொறுப்பு' என்று அதற்கு முன் நான் எதற்கும் சொன்னதில்லை. கியாஸ் அடுப்பை அணைத்தேனா என்பதற்குக்கூடச் சொன்னதில்லை.

அக்கா என் வயிற்றைப் பார்த்தார். "நெற வயிறோட சொல்றீங்க. பொய்யா இருக்காது" என்றார். கண்ட்ரோலரை என் மடியில் வைத்துவிட்டுப் போனார்.

ஆபீசில் நடந்ததைச் சொன்னபோது எம்.டி. கண்ணில் நீர் வரச் சிரித்தார். நாதஸ்வரம் வந்த இடத்தை இரண்டு முறை சொல்லச் சொன்னார். பிறகு முகம் மாறி, "சரக்கு ரெடி. தீபாவளி நெருங்கிடுச்சு. என்ன பண்ணலாம்?" என்றார். பட்டனைப் பற்றிச் சொன்னேன். குணாவிடம் கேட்டார். அந்தப் பட்டனுக்கு ஆட்டத்தையே திரும்ப எழுத வேண்டும், பொங்கல் தாண்டிவிடும் என்றான் குணா. வார்த்தையை மாற்ற எவ்வளவு நேரம்? அது ஒரு வாரம்.

எம்.டி. நாற்காலியில் சாய்ந்தார். "அவங்க கேக்கறது என்னம்மா? நெலம் அவங்ககிட்ட வரணும். அவ்ளோதானே? 'மீட்கப்பட்டது'ன்னு போடு."

அதே குதிரைக்காரன், அதே கட்டம், அதே சுற்றிவளைப்பு. வார்த்தை மட்டும் வேறு. நிலம் மீட்கப்பட்டது, வாழ்த்துகள்.

"பட்டன் சார்?"

"வீரன்-3ல போட்டுக்கலாம்மா. கையெழுத்துப் போடு."

மொழி சரிபார்த்தவர் என்ற இடத்தில் என் கையெழுத்து இல்லாமல் பெட்டி வெளியே போகாது. நாங்கள் கொண்டுவந்த விதி அது, உங்களுக்கும் அதுதான். பேனாவைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். போடாவிட்டால் தீபாவளி போகும், பெட்டி கட்டுகிற பெண்கள் இருபது பேருக்கு வேலை போகும். போட்டால் யாருக்கும் எதுவும் போகாது, அக்காவுக்குச் சொன்ன ஒரு வார்த்தை மட்டும் போகும். வார்த்தைதானே என்று நினைத்தேன். வார்த்தையைப் படித்துப் பட்டம் வாங்கியவள் நினைத்தேன். போட்டேன்.

வீரன்-2 டெல்டா முழுக்கப் பறந்தது. 'மண்ணை மீட்க வாங்க!' என்று சுவரில் எழுதினோம். பக்கத்துச் சுவரில் குழாய்க்கு எதிரான ஊர்வலத்துக்கும் ஏறக்குறைய அதே வாசகம். எது எது என்று தெரியாமல் இரண்டுக்கும் ஆள் வந்தது. எம்.டி. வெள்ளைப் பலகையை அழித்துவிட்டு 'மக்கள் பேச்சைக் கேள்' என்று எழுதினார். எல்லாக் கூட்டத்திலும் என்னைக் காட்டி, வயிற்றுப் பிள்ளையோடு போய் மக்கள் மனசை ஜெயித்துவிட்டு வந்த கதையைச் சொன்னார். உங்களுக்கும் பயிற்சியில் சொல்லியிருப்பார். நான் ஜெயித்தேனா என்று எனக்குத் தெரியவில்லை. அவர்கள் கேட்டதைக் கொடுத்தேனா, அவர்கள் கோபத்தை மட்டும் எடுத்துப் பெட்டியில் போட்டேனா? ஒரு நாள் இது சரியென்று தோன்றும். மறுநாள் அது.

தீபாவளி முடிந்து, என் பெண் பிறந்த சில நாளில், அக்கா போன் செய்தார்.

"ரம்யா எல்லா நெலத்தையும் மீட்டுட்டா தங்கச்சி. கடேசில என்னா வருதுன்னு நானும் கூட ஒக்காந்து பாத்தேன். திரும்ப மொதல்லேர்ந்து ஆரம்பிக்கச் சொல்லுது. அந்தப் பட்டன் வரலியே?"

"அடுத்ததுல வரும்க்கா."

"புள்ள பொறந்துச்சா?"

"பொண்ணுக்கா."

"நல்லாருக்கட்டும்."

மேடமாக இருந்தவள் எப்போது தங்கச்சி ஆனேன் என்பது போனை வைத்த பிறகுதான் உறைத்தது. வீரன்-3 வந்தது. இன்னும் இருநூறு ஆட்டம் சேர்ந்தது. பட்டன் சேரவில்லை. நான் அதற்குள் சால்வை வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். அக்கா ஒவ்வொரு பொங்கலுக்கும் போன் செய்கிறார். குழந்தை சாப்பிடுகிறாளா, பேசுகிறாளா என்று கேட்கிறார். பட்டனைப் பற்றிக் கேட்பதில்லை. நோட்டீஸ் என்னவாயிற்று என்று நான்தான் கேட்பேன். ரத்தாகவும் இல்லை, குழாய் வரவும் இல்லை, வயல் விட்ட இடத்திலேயே நிற்கிறது என்பார். பட்டனைப் பற்றிக் கேட்டுவிட மாட்டாரா என்று இருக்கும். கேட்டுவிடுவாரோ என்றும் இருக்கும். என் பெண்ணுக்குக் காய்ச்சல் வரும்போதெல்லாம் நிறை வயிற்றோடு சொன்னது ஞாபகம் வரும். இது படித்தவள் நினைக்கிற நினைப்பா என்று என்னையே திட்டிக்கொண்டு, தெர்மாமீட்டரை இன்னொரு முறை வைத்துப் பார்ப்பேன்.

போன வாரம் என் பெண் பழைய வீரனைப் பரணிலிருந்து இறக்கச் சொன்னாள். எப்படியோ தட்டித் தடவி ஒரு கட்டத்தைச் சுற்றி வளைத்துவிட்டாள். நாதஸ்வரம் வந்தது. கை தட்டினேன். அவள் என்னிடம் திரும்பி, "அம்மா, இது உனக்கு. எத அமுக்கினா உனக்கு வரும்?" என்றாள். தெரியாது என்றேன். ஒவ்வொரு பட்டனாக அமுக்கினாள். எல்லாவற்றையும் சேர்த்து அமுக்கினாள். பிறகு அழுதாள்.

வீரன்-4 இப்போது உங்கள் மேஜையில் இருப்பதாகக் கேள்விப்பட்டேன். குணாவிடம் பேசினேன். இந்த முறை ஆட்டத்தைப் புதிதாகத்தான் எழுதுகிறார்களாம், அந்தப் பட்டனை வைக்க முடியுமாம். ஆனால் மொழிக்காரர்கள் பெயர் கொடுக்க வேண்டும் என்கிறான். பட்டன் மேல் இரண்டு மூன்று எழுத்துக்குத்தான் இடம். 'கொடு' என்று எழுதிப் பார்த்தேன். பிடுங்க வந்தவன் அதட்டுகிற மாதிரி இருக்கிறது. 'விடு' என்று எழுதிப் பார்த்தேன். போனால் போகட்டும் விடு என்று எம்.டி. சொல்கிற மாதிரி இருக்கிறது. அதற்கு மேல் எனக்கு ஓடவில்லை. ஒரு முறை எனக்கு அழகாக ஓடியதால் வந்த வினைதான் இத்தனையும்.

உங்களில் யாருக்காவது, நிலத்தைக் கொடுக்கிறவருக்கும் வாங்கிக்கொள்கிறவருக்கும் ஒரே மாதிரி காதில் விழுகிற ஒரு சின்ன வார்த்தை தெரிந்தால் எழுதுங்கள். முடிந்தால் நோட்டீஸ் வந்த வீட்டுக்காரர் யாராவது எழுதுங்கள். பொங்கலுக்குள் வந்தால் நல்லது. அக்கா போன் செய்வார்.